கொழுத்த குழந்தையும் மெலிந்த சம்பளமும்

குழந்தை கொழுகொழுவென்று இருந்தால் அந்தக் குடும்பம் செழிப்பாக இருக்கிறது என்று நம் ஜனங்கள் நெடுங்காலமாக நம்பி வருகிறார்கள். ஒல்லியான குழந்தையைப் பெற்றவளை ஊரும் உறவும் குறை சொல்லும். ‘அமுல் பேபி மாதிரி இருக்கான்’ என்று யாராவது சொல்லிவிட்டால் தாய்க்குப் பெருமை தாங்காது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் ஜில்லா சூறையாடப்பட்டபோது, ஓசூரும் கிருஷ்ணகிரியும் அந்த ஜில்லாவில்தான் இருந்தன. பட்டினியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பரம்பரையினர், சதைப்பற்றைச் செல்வம் என்று எண்ணியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ஆனால் இன்று ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள மூக்கண்டபள்ளி, ஜூஜூவாடி, பேகேபள்ளி வட்டாரங்களில் வரிசை வீடுகளுக்குச் சென்று வரும்போது நாம் காணும் காட்சி அந்தப் பழைய நம்பிக்கையோடு பொருந்தவில்லை. நான்கு வயதுப் பிள்ளை. வயதுக்கு மீறிய எடை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ரத்தப் பரிசோதனை செய்தாலோ ரத்தசோகை என்கிறார் டாக்டர். தகப்பனார் ஒப்பந்தத் தொழிலாளி. தாய் பாகங்கள் பொருத்தும் கம்பெனியில் ஷிப்டு வேலை. வீட்டில் செல்வம் எதுவும் இல்லை. மாதம் இருபது தேதிக்கு மேல் கைமாற்றுத்தான். அப்படியானால் இந்தப் பிள்ளையின் உடம்பில் ஏறியிருப்பது என்ன?

செல்வத்தின் அடையாளமாக நினைக்கப்பட்ட பருமன், பற்றாக்குறையின் அடையாளமாக மாறி வருகிறது. சம்பளம் எவ்வளவு, வேலை நேரம் எவ்வளவு, எந்தப் பொருள் மலிவு, எந்தப் பொருள் கிராக்கி என்ற கேள்விகளை விட்டுவிட்டுக் குழந்தையின் எடையைப் பற்றிப் பேசுவது வீண் உபதேசம். இதைப் பற்றித் தொழிலாளி வர்க்கம் தெளிவாகப் பேச வேண்டிய காலம் வந்துவிட்டது.

ஒரே வேரில் இரண்டு கேடுகள்

‘பட்டினியே இன்னும் ஒழியவில்லை, அதற்குள் பருமனைப் பற்றிப் பேச்சா?’ என்று நம் தோழர்களில் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல சர்வேயின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 22 சதவீதம் பேர் வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பெரிய தொழிற்சாலைகள் நிறைந்த மாநிலம் என்று பெருமை பேசும் தமிழ்நாட்டின் நிலை இது.

அதே சர்வேயில், உயரத்துக்கு மிஞ்சிய எடை உள்ள குழந்தைகள் தமிழ்நாட்டில் 4.3 சதவீதம். இது முந்தைய சர்வேயை விடச் சற்றுக் குறைவுதான். ஆனால் அகில இந்திய சராசரியை விட அதிகம். அகில இந்திய அளவில் 2015-16இல் 2.1 சதவீதமாக இருந்தது 3.4 சதவீதமாக ஏறிவிட்டது. நூற்றுக்கு நான்கு பேர்தானே என்று தள்ளிவிட முடியாது. இந்தக் குழந்தைகளின் தாய்மார்களைப் பாருங்கள்: தமிழ்நாட்டுப் பெண்களில் எடை மிகுந்தவர்கள் 30.9 சதவீதத்திலிருந்து 40.4 சதவீதமாக உயர்ந்திருக்கிறார்கள். ஐந்து ஆண்டுகளுக்குள் இந்த ஏற்றம்! இன்றைய குழந்தை நாளை எந்தப் பக்கம் போகும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி தேவையா?

மெலிவும் பருமனும் எதிரெதிர் நோய்கள் என்று நினைப்பது தவறு. பூனா நகரில் டாக்டர் யாஜ்னிக்கும் அவரது சகாக்களும் நடத்திய ஆராய்ச்சி உலகப் பிரசித்தி பெற்றது. பூனாவைச் சுற்றியுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தில் பிறந்த குழந்தைகளின் எடை 3.5 கிலோ. நம் குழந்தைகள் எல்லா அளவிலும் சிறியவை. ஆனால் தசையும் உறுப்புகளும் குறைந்த அளவுக்குக் கொழுப்புக் குறையவில்லை. தாயின் வயிற்றிலேயே சத்துக் குறைவை அனுபவித்த உடம்பு, பிற்பாடு எது கிடைத்தாலும் அதைக் கொழுப்பாகச் சேர்த்து வைக்கப் பழகிவிடுகிறது. கர்ப்பகாலத்தில் நின்றுகொண்டே வேலை பார்த்து, அரை வயிறு சாப்பிட்ட தாயின் பிள்ளைக்கு, இரண்டு வயதில் சர்க்கரையும் எண்ணெயும் மைதாவும் கொடுத்தால் விளைவு என்னவாகும்? வயிறு முன்னே வருகிறது. உயரமும் ரத்தமும் ஏறுவதில்லை. நீரிழிவும் ரத்தக்கொதிப்பும் இளமையிலேயே வாசலில் வந்து நிற்கின்றன.

ஆகவே பட்டினிக்கு எதிரான போராட்டமும் பருமனுக்கு எதிரான போராட்டமும் ஒன்றுதான். இரண்டும் சத்தான உணவு கேட்கும் போராட்டம்.

கலோரிக் கணக்கில் உள்ள சூது

தொழிலாளிக்கு எவ்வளவு சம்பளம் தேவை என்ற கேள்விக்கு 1957ஆம் ஆண்டிலேயே இந்தியத் தொழிலாளர் மாநாட்டின் 15ஆவது கூட்டம் ஒரு விடை கூறியது. சம்பாதிக்கும் ஒருவருக்கு மூன்று ‘நுகர்வு யூனிட்’ கொண்ட குடும்பம் என்று கணக்கிட வேண்டும்; ஒரு யூனிட்டுக்கு நாள் ஒன்றுக்கு 2,700 கலோரி உணவு; வருஷத்துக்கு 72 கஜம் துணி; வீட்டு வாடகை; எரிபொருள், விளக்கு முதலிய இதரச் செலவுகளுக்கு மொத்தத்தில் 20 சதவீதம் என்று அது வகுத்தது. குழந்தைகளின் கல்வி, மருத்துவம், முதுமை போன்றவற்றுக்காக இன்னொரு 25 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று 1991இல் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்புக் கூறியது.

இந்த உணவுக் கணக்குக்கு ஆதாரமாக இருந்தவர் டாக்டர் அய்க்ராய்டு. நம் நீலகிரியில் குன்னூரில் இயங்கிவந்த சத்துணவு ஆராய்ச்சி நிலையத்தின் டைரக்டராக இருந்தவர் அவர். அவர் வெறும் கலோரியை மட்டும் எண்ணிவிட்டுப் போகவில்லை. பருப்பு எவ்வளவு, பால் எவ்வளவு, கீரை எவ்வளவு என்று சமச்சீர் உணவையே கணக்கில் வைத்தார். ஆனால் முதலாளிமார்களும் சம்பள கமிட்டிகளும் நாளடைவில் கலோரி என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு, பாலையும் கீரையையும் கழற்றி விட்டார்கள்.

இந்தச் சூது எவ்வளவு பெரியது என்று பாருங்கள். மூன்று யூனிட்டுக்கு நாள் ஒன்றுக்கு 8,100 கலோரி. ஒரு லிட்டர் பாமாயிலில் சுமார் எட்டாயிரம் கலோரி இருக்கிறது. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் அந்த ஒரு லிட்டரின் விலை 25 ரூபாய். கலோரி மட்டுமே கணக்கு என்றால், ஒரு குடும்பத்தின் ஒரு நாள் உணவை 25 ரூபாயில் முடித்துவிடலாம்! பாமாயிலைக் குடித்து எந்தக் குடும்பமும் வாழ முடியாது என்பது சிறு குழந்தைக்கும் தெரியும். ஆனால் சந்தை இந்தத் திசையில்தான் நம் குடும்பங்களைப் பிடித்துத் தள்ளுகிறது. ரேஷன் அரிசியும், பருப்பும், எண்ணெயும் இல்லாவிட்டால் லட்சக்கணக்கான குடும்பங்கள் பட்டினிக்கு இரையாகியிருக்கும். அந்த ரேஷனைக் காப்பாற்ற நாம் இன்றும் போராடுகிறோம். ரேஷனில் கிடைக்காத பால், முட்டை, காய்கறி, பழம் ஆகியவற்றை வாங்கச் சம்பளம் போதவில்லை என்பதே நம் குற்றச்சாட்டு.

ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரின் கைக்கு மாதம் 15,000 ரூபாய் வருவதாகக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். வாடகைக்கு 5,000 போகிறது. குழுக்கடன் தவணைக்கு 3,000. ஊரில் இருக்கும் வயதான தாய் தகப்பனுக்கு 2,000. கேஸ், கரண்டு, போன் ஆகியவற்றுக்கு 1,500. மிச்சம் 3,500 ரூபாய். முப்பது நாளைக்குப் பங்கிட்டால் நாளைக்கு 116 ரூபாய். நாலு தலைக்குப் பிரித்தால் தலைக்கு 29 ரூபாய். துணிமணி, பள்ளிக்கூடச் செலவு, காய்ச்சல் தலைவலி எதுவும் இதில் சேரவில்லை. தாயும் வேலைக்குப் போவது ஏன் என்று இனிமேல் யாரும் கேட்க வேண்டியதில்லை.

இந்த 29 ரூபாயில் பிள்ளைக்கு என்ன வாங்குவது? ஒரு முட்டை ஆறு, ஏழு ரூபாய். அதில் சுமார் 75 கலோரி. ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் 200 கலோரிக்கு மேல். முட்டையில் தசை வளர்க்கும் புரதம் 6 கிராம் இருக்கிறது. பிஸ்கட்டில் மைதாவும் சர்க்கரையும் பாமாயிலும் இருக்கின்றன. ஆனால் அழுகிற பிள்ளையின் வயிறு புரதத்தை எண்ணுவதில்லை. நாம் சந்தித்த ஒரு தாய் சொன்னார்: “அஞ்சு ரூபா பாக்கெட்டு ஒண்ணு குடுத்தா ரெண்டு மணி நேரம் தாங்கும், தோழர். அதே அஞ்சு ரூபாய்க்கு வேற என்ன கிடைக்குது, நீங்களே சொல்லுங்க.” இதற்கு எந்தப் பொருளாதார நிபுணரிடம் பதில் இருக்கிறது?

சர்க்காரின் கணக்கே இதற்குச் சாட்சி. 2022-23 குடும்பச் செலவு சர்வேயின்படி, பானங்கள், சிற்றுண்டி, பதப்படுத்திய தின்பண்டங்கள் ஆகியவற்றுக்கு மட்டும் கிராமக் குடும்பங்கள் தங்கள் மொத்தச் செலவில் 9.62 சதவீதமும் நகரக் குடும்பங்கள் 10.64 சதவீதமும் செலவிடுகின்றன. தானியத்துக்குச் செலவிடுவதைப் போல ஏறக்குறைய இரண்டு, மூன்று மடங்கு இது. ‘பார்த்தீர்களா, ஜனங்களின் வாழ்க்கைத் தரம் உயர்ந்துவிட்டது’ என்று சிலர் இதைக் காட்டிக் கைதட்டுகிறார்கள். சமைக்க நேரமில்லாதவன் கடையில் வாங்கித் தின்பது வாழ்க்கைத் தரம் உயர்ந்ததற்கு அடையாளமா?

நேரமும் பறிபோயிற்று

ஓசூரில் சிப்காட் வந்தது 1970-களில். பிறகு அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று பெரிய ஆலைகள் வந்தன. 2004இல் கிருஷ்ணகிரி தனி ஜில்லாவாயிற்று. 2019இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. போச்சம்பள்ளிப் பக்கம் மின்சார ஸ்கூட்டர் ஆலையும், தேன்கனிக்கோட்டைப் பக்கம் செல்போன் பாகங்கள் செய்யும் டாட்டா ஆலையும் எழும்பின. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிப் பொம்மசந்திராவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் பல ஆயிரம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் இந்தியும் ஒரே பஸ்ஸில் ஏறுகின்றன. இவ்வளவு உற்பத்தி பெருகிய இந்த மண்ணில் தொழிலாளியின் கையில் சுருங்கிப்போன பொருள் ஒன்று உண்டு. அது நேரம்.

முதல் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் விடிவதற்குள் வந்துவிடுகிறது. ஓசூர் உழவர் சந்தை பேர் பெற்றது; சுற்றுவட்டாரக் கீரையும் காய்கறியும் காலையில் அங்கே வந்து குவிகின்றன. ராயக்கோட்டைத் தக்காளி விலை சரிந்த நாட்களில் விவசாயி அதை ரோட்டில் கொட்டிவிட்டுப் போவதையும் நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் சந்தை கூடும் வேளையில் தொழிலாளிப் பெண் பஸ்ஸில் இருக்கிறாள். அவள் திரும்பும்போது திறந்திருப்பது தெருமுனைப் பெட்டிக்கடை. அதன் வாசலில் சரம் சரமாகத் தொங்குவது ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட்டுகள். விளைவிக்கிறவனுக்கு விலை கிடைக்கவில்லை. தின்ன வேண்டிய பிள்ளைக்குக் காய் கிடைக்கவில்லை. நடுவில் பாக்கெட்டுக்காரன் மட்டும் கொழுக்கிறான்.

கேழ்வரகு விளையும் பூமி இது. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் களியை அறியாத குடும்பம் உண்டா? 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது; அரிசியில் அது மிகச் சொற்பம். 2023இல் தமிழ்நாட்டு சர்க்கார் நீலகிரி, தர்மபுரி ஜில்லாக்களின் ரேஷன் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தது. நல்ல காரியம். பழைய காலத்துக்குத் திரும்பிப் போவோம் என்று நாம் சொல்லவில்லை. களி மட்டும் தின்ற காலத்திலும் குழந்தைகள் மடிந்தார்கள். ஆனால் களி கிண்ட அடுப்பருகே நிற்க ஓர் ஆள் வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் வெளியே கழிக்கும் தாயிடம் ‘பாரம்பரிய உணவைச் செய்து கொடு’ என்று டெலிவிஷனில் உபதேசம் செய்கிறவர்கள், அவளுக்கு அந்த ஒரு மணி நேரத்தை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பார்கள்?

2023 ஏப்ரலில் தமிழ்நாட்டு சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா நிறைவேற்றப்பட்டதை யாரும் மறந்திருக்க முடியாது. தொழிற்சங்கங்கள் எல்லாம் ஒன்றுபட்டு எதிர்த்த பிறகு, மே தினத்தன்று அது வாபஸ் பெறப்பட்டது. அன்று நாம் எட்டு மணி நேர வேலையைக் காப்பாற்றினோம். அதோடு குழந்தையின் இரவுச் சோற்றையும் காப்பாற்றினோம் என்பதை இன்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தாய்ப்பால் விஷயத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். தாய்ப்பால் குடித்த பிள்ளைக்குப் பிற்காலத்தில் பருமன் வரும் ஆபத்துக் குறைவு. 1961ஆம் ஆண்டு மகப்பேறுச் சட்டம், பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும் வரை வேலை நேரத்தில் இரண்டு முறை பால் கொடுக்க இடைவேளை உண்டு என்றது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் விடுமுறையை 26 வாரமாக்கியது. 50 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் காப்பகம் பற்றிய ஷரத்து இருக்கிறது. ஏட்டில் இவ்வளவும் உண்டு. ஆனால் ஒப்பந்தப் பெண் கர்ப்பமானால் காண்டிராக்ட் புதுப்பிக்கப்படாமலே போய்விடுகிறது. பால் கொடுக்க இடைவேளை இருந்தென்ன? பிள்ளை பத்து மைல் தள்ளிப் பாட்டியிடமோ பக்கத்து வீட்டிலோ அல்லவா இருக்கிறது!

அங்கே அந்தப் பிள்ளை என்ன செய்கிறது? பத்துக்குப் பத்து அறை, கையில் போன், வாயில் பாக்கெட். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரையே கூடாது. நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணிக்கு மேல் கூடாது. ஒரு வயது தாண்டிய பிள்ளை நாளுக்கு மூன்று மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்று 2019இல் உலக சுகாதார ஸ்தாபனம் கூறியது. ஓடியாட இடம் எங்கே? லாரியும் கம்பெனி பஸ்ஸும் ஓடுகிற தெருவிலா?

1845இல் எங்கெல்ஸ், இங்கிலாந்துத் தொழிலாளர் நிலையைப் பற்றி எழுதிய புத்தகத்தில் ஒரு செய்தியைப் பதிவு செய்தார். ஆலைக்குப் போகும் தாய்மார்கள், பிள்ளை அழாமல் கிடப்பதற்காக அபினி கலந்த திராவகத்தைப் புகட்டினார்கள். அந்தத் தாய்மார்களைக் கொடியவர்கள் என்று அன்றைய கனவான்கள் ஏசினார்கள். அவர்களை அந்த நிலைக்குத் தள்ளிய ஆலை முதலாளிகளை ஏசவில்லை. இன்று அபினி இல்லை. இனிப்புப் பாக்கெட்டும் செல்போனும் இருக்கின்றன. ஏச்சு மட்டும் அப்படியே தாய் மீது விழுகிறது.

பாக்கெட்டுக்குச் சலுகை

சிறு குழந்தைகளின் நாக்கைப் பிறந்த ஆறாம் மாதத்திலிருந்தே பிடித்துக்கொள்வது பெருங்கம்பெனிகளின் வியாபார சூத்திரம். 2024 ஏப்ரலில் ஸ்விட்சர்லாந்தின் ‘பப்ளிக் ஐ’ என்ற அமைப்பு ஓர் உண்மையை அம்பலப்படுத்தியது. நெஸ்லே கம்பெனி இந்தியாவில் விற்ற செரலாக் குழந்தை உணவில், ஒரு வேளைக்குச் சராசரி 2.7 கிராம் சர்க்கரை கூடுதலாகச் சேர்க்கப்பட்டிருந்தது. அதே கம்பெனி தன் சொந்த நாடான ஸ்விட்சர்லாந்தில் விற்ற அதே வகை உணவில் சேர்த்த சர்க்கரை இல்லை. வெள்ளைக்காரக் குழந்தைக்கு ஒரு நீதி, நம் குழந்தைக்கு ஒரு நீதி! கண்டனக் குரல் எழுந்த பின்னரே, அந்த ஆண்டு அக்டோபரில், சர்க்கரை சேர்க்காத வகைகளை இந்தியாவிலும் அறிவித்தது.

மத்திய சர்க்கார் என்ன செய்தது? 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. வரியைத் திருத்தியபோது பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீம் ஆகியவற்றின் வரியை 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தது. மிக்சர், சிப்ஸ் வகையறாவுக்கு 12லிருந்து 5. சர்க்கரை கலந்த குளிர்பானத்துக்கு மட்டும் 40 சதவீதம். குளிர்பானம் கெடுதல் என்று தெரிந்த சர்க்காருக்கு, சர்க்கரையும் எண்ணெயும் கலந்த பாக்கெட் கெடுதல் என்று தெரியாதா?

உறையின் முன்பக்கத்திலேயே எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாகக் கிடப்பில் கிடக்கிறது. 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் மூன்று மாதக் கெடு விதித்தது. ஜூலையில் மேலும் மூன்று மாத அவகாசம் கொடுக்கப்பட்டது. பள்ளியிலும் பள்ளியிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டம் விற்கக்கூடாது என்று 2020இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி செய்தது. எந்தப் பள்ளி வாசலிலாவது அந்த 50 மீட்டரை யாராவது அளந்ததுண்டா? இதற்காகப் பெட்டிக்கடைக்காரரை விரட்ட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அவரும் நம்மைப் போல அன்றாடங்காய்ச்சி. பிடிக்க வேண்டியது அவருக்குச் சரக்கு அனுப்பும் கம்பெனியை.

மற்றவர்கள் காட்டிய வழி

இன்றைக்கு இந்தியாவில் பருமனான குழந்தைகள் வசதியுள்ள வீடுகளிலேயே அதிகம். இது உண்மை, இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த நிலை நீடிக்காது. இங்கிலாந்தில் ஆண்டுதோறும் பள்ளிக் குழந்தைகளை எடை பார்க்கிறார்கள். மிக ஏழைப் பகுதிகளில் பருமன், மிக வசதியான பகுதிகளில் உள்ளதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அங்கே பணக்காரர் பழத்துக்கும் விளையாட்டுக்கும் மாறிக்கொண்டார். ஏழைக்குப் பாக்கெட் மிஞ்சியது. பெங்களூர்ப் பக்கத்து அடுக்குமாடி வீடுகளும் நம் வரிசை வீடுகளும் அடுத்தடுத்து நிற்கும் ஓசூரில் அதே நாடகம் தொடங்கிவிட்டது. உலக அளவில் 5 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் பருமனானவர்கள் 9.4 சதவீதம், எடை குறைந்தவர்கள் 9.2 சதவீதம் என்று 2025இல் யூனிசெப் அறிவித்தது. முதன்முறையாகப் பருமன் மெலிவை மிஞ்சிவிட்டது.

தடுக்க வழியில்லையா? இருக்கிறது. சிலி நாடு 2016இல் கெடுதலான பாக்கெட்டுகளில் கறுப்பு எண்கோண முத்திரை குத்தியது. குழந்தைகளை மயக்கும் பொம்மைப் படங்களை உறையிலிருந்து நீக்கியது. மெக்சிகோ 2014இல் குளிர்பானத்துக்கு வரி போட்டது. 2025 மார்ச்சில் பள்ளிகளிலிருந்து இத்தகைய தின்பண்டங்களை வெளியேற்றியது. பக்கத்துக் கேரளத்தில் 2016இல் இடதுசாரி அரசாங்கம், பெயர்பெற்ற ஹோட்டல்களில் விற்கும் பர்கர், பீட்சா வகைகளுக்கு 14.5 சதவீதக் கொழுப்பு வரி விதித்தது, 2017இல் ஜி.எஸ்.டி. வந்து மாநிலங்களின் அந்த அதிகாரத்தையே பறித்துக்கொண்டது.

நம் தமிழ்நாட்டிலும் பெருமைக்குரிய முன்மாதிரி உண்டு. 1956இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு, 1982இல் சத்துணவு, பிறகு வாரம் ஐந்து முட்டை, 2022 செப்டம்பர் 15 முதல் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குக் காலை உணவு. பள்ளிக்கூடத்தில் சூடான உப்புமாவும் பொங்கலும் சாம்பாரும் தின்ற பிள்ளை பாக்கெட்டுக்கு அழுவதில்லை என்று தாய்மார்களே நம்மிடம் கூறுகிறார்கள். தனித்தனி வீட்டின் அடுப்பு தோற்ற இடத்தில் பொது அடுப்பு ஜெயிக்கிறது. பள்ளிக்கு வருவதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில்தான் பெரிய ஓட்டை. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கு மேல் அங்கன்வாடிகள் இருக்கின்றன. ஆனால் அங்கன்வாடி பகல் நேரத்தில் மட்டும் இயங்குகிறது. ஆலையோ மூன்று ஷிப்டும் ஓடுகிறது.

நாம் கேட்பது என்ன?

1. 1957ஆம் ஆண்டு மாநாடு வகுத்த அடிப்படையிலும் 1991 தீர்ப்பின்படியும் குறைந்தபட்ச சம்பளம் நிர்ணயிக்கப்பட வேண்டும். கலோரியை மட்டும் எண்ணாமல் பால், பருப்பு, முட்டை, காய்கறி ஆகியவற்றின் அங்காடி விலையைச் சேர்க்க வேண்டும். நிரந்தர வேலைக்கு ஒப்பந்தச் சம்பளம் என்ற மோசடி ஒழிய வேண்டும்.

2. சிப்காட் வட்டாரங்களில் ஷிப்டு நேரத்துக்கு ஏற்பத் திறந்திருக்கும் அங்கன்வாடிகளும் காப்பகங்களும் வேண்டும். செலவில் ஒரு பங்கை ஆலைகள் ஏற்க வேண்டும். பிற மாநிலத் தொழிலாளரின் குழந்தைகளுக்கும் அங்கே இடம் வேண்டும். அங்கன்வாடி ஊழியருக்கு முறையான சம்பளம் கொடுத்துக் காலியிடங்களை நிரப்ப வேண்டும்.

3. அங்கன்வாடிகளில் எடை குறைந்த குழந்தையைப் போலவே எடை மிகுந்த குழந்தையும் கவனிக்கப்பட வேண்டும். எடையோடு உயரத்தையும் அளந்து, டாக்டரிடம் அனுப்ப ஏற்பாடு வேண்டும்.

4. கிருஷ்ணகிரி ஜில்லா ரேஷன் கடைகளிலும் கேழ்வரகு வழங்க வேண்டும். விவசாயியிடம் நியாய விலைக்கு நேரடியாக வாங்க வேண்டும். ஷிப்டு முடியும் நேரத்தில் தொழிற்பேட்டை வாசலில் மாலை நேர உழவர் சந்தை வேண்டும்.

5. பாக்கெட்டின் முன்பக்கத்தில் எச்சரிக்கை முத்திரை உடனே வர வேண்டும். சர்க்கரையும் கொழுப்பும் மிகுந்த தின்பண்டங்களுக்குக் கொடுத்த வரிச் சலுகையை ரத்துச் செய்து, அந்தப் பணத்தில் குழந்தைகளுக்குப் பாலும் முட்டையும் கொடுக்க வேண்டும்.

6. பெரிய மனைப்பிரிவுகளில் பத்தில் ஒரு பங்கு நிலம் பொது இடமாக விடப்பட வேண்டும் என்பது விதி. அந்த நிலம் எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்று ஓசூர் மாநகராட்சி பட்டியல் வெளியிட வேண்டும். அவை குழந்தைகளின் விளையாட்டு மைதானங்களாக வேண்டும்.

இவற்றில் சில இன்றே நம் கையில் இருக்கின்றன. அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தைக்கான கோரிக்கைப் பட்டியலில் காப்பகத்தையும் கேன்டீன் உணவின் தரத்தையும் யூனியன்கள் சேர்க்கட்டும். மாதர் சங்கத் தோழர்கள் தங்கள் தெரு அங்கன்வாடியில் எத்தனை குழந்தைகள் மெலிவு, எத்தனை பருமன், எத்தனை பேர் காலையில் எதுவும் தின்னாமல் வருகிறார்கள் என்று கணக்கெடுக்கட்டும். வாலிபர்கள் பொது நிலங்களை அளக்கட்டும். தாயைக் குற்றம் சாட்டும் பேச்சு எங்கே எழுந்தாலும், ‘அவள் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாள், கையில் எவ்வளவு கொண்டு வருகிறாள்’ என்ற கேள்வியை ஒவ்வொரு தோழரும் எழுப்ப வேண்டும்.

இயந்திரத்துக்கு எந்த எண்ணெய், எத்தனை மணிக்கு ஒரு முறை என்று ஆலை நிர்வாகம் அட்டவணை வைத்திருக்கிறது. அந்த இயந்திரத்தை நாளை இயக்கப்போகும் பிள்ளைக்கு எந்த உணவு, எப்போது, யார் கொடுப்பது என்பதற்கும் ஓர் ஏற்பாடு வேண்டும் என்று கேட்பது பிச்சையல்ல. சம்பளத்தில் அந்தப் பிள்ளைக்கும் பங்கு உண்டு.